பின்பக்கத்திலிருந்து திறந்து பாருங்கள்

போன இதழில், வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐயெல்ட்ஸைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்குக் கருங்கல், களியக்காவிளை, செங்கோட்டை, குமுளி, கொழிஞ்சாம்பாறை என்று மலைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. எழுதியவர்களில் பாதிப் பேர் நர்சுகள், மீதிப் பேரில் பலர் நர்சுகளைப் பெற்றவர்கள். எந்தப் புத்தகம் வாங்குவது என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் புத்தகங்களைப் பற்றியே.

அக்கா, நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று வருடமாகத் திருவனந்தபுரத்தில் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். என்னோடு ஹாஸ்டலில் இருந்தவள் இங்கிலாந்துக்குப் போகும்போது ஏழு புத்தகங்களை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். எதைப் படிப்பது, எதை ஒதுக்குவது என்று தெரியவில்லை. டூட்டி முடிந்து வந்தால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது.
- வாசகி, கருங்கல்

மக்களே, அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நானும் நீ என்றே எழுதுகிறேன். ஏழு புத்தகத்தையும் கட்டிலில் பரப்பி வை. உள்ளே படிக்க வேண்டாம், முதலில் அட்டையைப் பார்.

நீ எழுதப்போவது ஐயெல்ட்ஸா, மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தும் ஆங்கிலத் தேர்வான ஓஇடியா? இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சில் இரண்டையும் ஏற்கிறது. ஐயெல்ட்ஸ் என்றால் லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 9க்கு 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். ஓஇடி என்றால் அந்த மூன்றிலும் 500க்கு 350, ரைட்டிங்கில் 300. இதை முடிவு செய்யாமல் இரண்டு பரீட்சைக்கும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். உனக்கு இருப்பது இரண்டு மணி நேரம். ஒன்றைத் தேர்ந்தெடு, மற்றதன் புத்தகங்களைக் கட்டி அலமாரி மேலே வைத்துவிடு.

ஐயெல்ட்ஸ் என்று முடிவு செய்தால் அட்டையில் இன்னொரு சொல்லையும் தேட வேண்டும்: அகாடமிக்கா, ஜெனரல் டிரெய்னிங்கா? நர்சு வேலைக்கு அகாடமிக் வேண்டும். லிஸனிங்கும் ஸ்பீக்கிங்கும் இரண்டுக்கும் ஒன்றுதான். ரீடிங்கும் ரைட்டிங்கும் வேறு. அகாடமிக்கில் ரைட்டிங் முதல் கேள்வி ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொல்லுக்குக் குறையாமல் விவரிப்பது. ஜெனரலில் அந்த இடத்தில் கடிதம் எழுத வேண்டும். என் வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளை மூன்று மாதம் உட்கார்ந்து கடிதமாக எழுதிப் பழகியிருந்தாள். யாரோ கொடுத்த புத்தகம், அவள் அட்டையைப் பார்க்கவில்லை. அழுதுவிட்டாள். கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரித் தேர்வுத் தொகுதிகளில் 11ஆம் எண்ணிலிருந்து அகாடமிக் தனி, ஜெனரல் தனி. அதற்கு முந்தியவற்றில் இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கும், ஜெனரல் பகுதி கடைசியில் வரும்.

இப்போது மீதி இருப்பதைக் கையில் எடு. முன்னுரையை விடு. புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திற. விடைகள் எப்படித் தரப்பட்டிருக்கின்றன என்று பார். "1. பி, 2. ஏ, 3. ட்ரூ" என்று எழுத்துகள் மட்டும் வரிசையாக இருக்கின்றனவா, அல்லது இந்த விடை ஏன் சரி, மற்றது ஏன் தவறு, பத்தியில் எந்த வரியிலிருந்து வந்தது என்று ஒரு சொல்லாவது இருக்கிறதா? இரண்டாவது வகைதான் பாடப் புத்தகம். முதல் வகை உன்னைச் சோதிக்கும், சொல்லித்தராது. இரண்டும் தேவைதான், ஆனால் முதல் மாதத்தில் காரணம் சொல்லும் புத்தகம் கையில் இல்லாவிட்டால் எத்தனை டெஸ்ட் எழுதினாலும் அதே தவறு அதே இடத்தில் வந்து நிற்கும்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல இடம் உண்டு. ரீடிங்கில் "ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்" கேள்வி வரும் பாடத்தைத் திறந்து, ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஆசிரியர் எப்படி விளக்குகிறார் என்று பார். நம் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி ஒரு பத்தி என்று வைத்துக்கொள்: "1966இல் கட்டப்பட்டது, 115 அடி உயரம், பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகிறது." பாலத்தின் உயரம் நூறு அடிக்கும் குறைவு என்று கேள்வியில் இருந்தால் ஃபால்ஸ். பத்தி நேராக மறுக்கிறது. கேரளத்திலிருந்து நிறையப் பேர் அதைப் பார்க்க வருகிறார்கள் என்று இருந்தால்? நமக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை போனால் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஆனால் பத்தியில் அது இல்லை. அதனால் நாட் கிவன். நமக்குத் தெரிந்ததை வைத்து விடை எழுதும் இடத்தில்தான் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் மார்க்கை விடுகிறார்கள். இந்த இடத்தை நிதானமாக விளக்கும் புத்தகத்தை நம்பலாம். இரண்டு வரியில் கடந்துபோனால் அந்த ஆசிரியர் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர் இல்லை என்று நான் முடிவு செய்துகொள்வேன்.

அப்புறம் லிஸனிங். ஆடியோ இருக்கிறதா? பழைய புத்தகத்தில் சி.டி. ஒட்டியிருக்கும், புதியவற்றில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளக் குறியீடு தந்திருப்பார்கள். அது வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பார். அதைவிட முக்கியம், பேசியதெல்லாம் எழுத்தில் பின்பக்கம் அச்சாகியிருக்கிறதா என்பது. தேர்வில் ஆடியோ ஒரே ஒரு தடவைதான் ஓடும். வீட்டில் ஒரு தடவை கேட்டு எழுதிவிட்டு, பிறகு அந்த எழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு எந்தச் சொல்லில் நீ வழுக்கினாய் என்று அடிக்கோடு போடு. பேர், முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடத்தில் ஜி எது ஜே எது, ஈ எது ஐ எது என்று நம் காது தடுமாறும். எழுத்துப் பிரதி இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பேசுகிறவர்களில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல உச்சரிப்பும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் குரலில் பதிந்த ஆடியோ என்றால் அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவிடு.

ரைட்டிங்குக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு பழைய வலி இருக்கிறது.

2009இல் நான் இதே தேர்வைத் திருவனந்தபுரத்தில் எழுதினேன். அப்போது நான்கிலுமே 7 வேண்டும். மற்ற மூன்றிலும் வந்துவிட்டது, ரைட்டிங்கில் 6.5. மறுபடி பணம் கட்டி எழுதினேன், மறுபடி 6.5. என் கையில் இருந்த புத்தகம் முழுக்க அபாரமான மாதிரிக் கட்டுரைகள். தொடக்கப் பத்தி, முடிவுப் பத்தி எல்லாம் தயாராக இருக்கும், தலைப்புக்கான சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். நைட் டூட்டியில் மருந்து ட்ரேயின் ஓரத்தில் அந்தப் பத்திகளை வைத்து மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் செய்த வரி எது, சொந்த வரி எது என்று திருத்துகிறவருக்கு ஒரே பார்வையில் தெரியும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் திருவனந்தபுரம் பாளையத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் கேம்பிரிட்ஜ் தொகுதி ஒன்று அகப்பட்டது. நின்றபடியே பின்பக்கத்தைத் திறந்தேன். தேர்வு எழுதிய ஒருவர் எழுதிய கட்டுரை, எழுத்துப் பிழையோடு அப்படியே. அதற்கு 5 மதிப்பெண். கீழே தேர்வாளரின் குறிப்பு: எங்கே கருத்து வளரவில்லை, எங்கே இணைப்புச் சொற்கள் இயந்திரம் மாதிரி வருகின்றன என்று. அதை வாசிக்க வாசிக்க என் முகம் சூடானது. என் கட்டுரையை யாரோ திருத்திக் கையில் தந்த மாதிரி இருந்தது. 9 வாங்கிய கட்டுரைகளை ஒரு வருஷம் படித்தும் தெரியாததை, 5 வாங்கிய ஒன்று பத்து நிமிஷத்தில் காட்டிவிட்டது. மூன்றாவது தடவை 7 வந்தது.

அதனால் சொல்கிறேன். அழகான கட்டுரை மட்டும் இருக்கிற புத்தகத்தைக் கீழே வை. 5, 6, 7 என்று பலதரக் கட்டுரைகளும், ஒவ்வொன்றுக்கும் ஏன் அந்த மதிப்பெண் என்ற குறிப்பும் இருக்கிற புத்தகத்தைத் தலைமாட்டில் வை. மதிப்பெண் போடுவது நான்கு அளவுகோலால்: கேட்டதற்கு விடை சொன்னாயா, கருத்து ஓட்டம், சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம பங்கு. இரண்டாவது கேள்விக்கு, அதாவது 250 சொல் கட்டுரைக்கு, முதல் கேள்வியைப் போல இரண்டு மடங்கு மதிப்பு. இந்த இரண்டையும் சொல்லாத புத்தகம் எவ்வளவு தடியாக இருந்தாலும் பயனில்லை.

ஏழில் எனக்குத் தெரிந்து இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அது போதும்.

என் மகள் ஐயெல்ட்ஸ் படிக்கிறாள். அவள் கேட்கும் புத்தகத்தின் விலை எனக்கு அதிகம். கடைக்காரர் அதையே ஜெராக்ஸ் போட்டு பைண்ட் செய்து மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருகிறேன் என்கிறார். நான் ரப்பர் வெட்டுகிறவன். உள்ளே இருப்பது ஒன்றுதானே?
- வாசகர், களியக்காவிளை

அண்ணாச்சி, உள்ளே இருப்பது ஒன்று இல்லை. ஜெராக்ஸ் போடுவது சட்டப்படியும் தவறு, உழைத்து எழுதியவருக்குச் செய்யும் அநியாயமும்கூட. அதை விட்டாலும், உங்கள் மகளுக்கு அது உதவாது. அகாடமிக் ரைட்டிங் முதல் கேள்வியில் வட்ட வரைபடம் வரும், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு சாயல். ஜெராக்ஸில் எல்லாத் துண்டும் ஒரே கறுப்பு. எது நிலக்கரி, எது எரிவாயு என்று தெரியாமல் பிள்ளைகள் ஊகித்து எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆடியோவுக்கான குறியீடும் அதில் கிடைக்காது. அப்புறம் லிஸனிங் முழுக்கப் போயிற்று.

இந்தியப் பதிப்பு என்று அச்சிட்டதைக் கேளுங்கள், இறக்குமதிப் பதிப்பைவிட விலை குறைவு. அதுவும் ஒரே ஒரு தொகுதி போதும். வகுப்பில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கொரு தொகுதி வாங்கி மாற்றிக்கொள்ளட்டும். தேர்வு நடத்துகிறவர்களின் இணையதளத்திலேயே மாதிரி வினாத்தாளும், மதிப்பெண் அளவுகோல் விளக்கமும் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தக் காசையும் செலவழிக்கும் முன் மகளை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லலாம், உங்களுக்குப் புரியும். ரப்பர் பாலில் மெட்ரோலாக் என்கிற அளவுக் கருவியை விட்டுப் பார்த்தால் கட்டி எவ்வளவு என்று சொல்லும். அதை நாளைக்கு நாலு தடவை விட்டுப் பார்த்தாலும் மரத்துக்கு உரம் போட்டதாகாது. மாதிரித் தேர்வுத் தொகுதிகள் மெட்ரோலாக். வாரத்துக்கு ஒன்று எழுதட்டும், போதும். மீதி ஆறு நாளும் ஏன் தவறினோம் என்று பார்க்கிற நாட்கள்.

நான் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். இங்கே பாலக்காட்டுக் கடைகளில் மலையாளத்தில் விளக்கம் எழுதிய ஆங்கிலத் தேர்வுப் புத்தகங்கள் நிறைய. தமிழ் விளக்கத்தோடும் ஒன்று பார்த்தேன். முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும் என்கிறார் என் மாமா. எது சரி?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

மாமா சொல்வதில் பாதி சரி. வினாத்தாளும் பயிற்சியும் முழுக்க ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் இலக்கணம் தமிழில் விளக்கப்பட்டால் எந்தக் குறைச்சலும் இல்லை, அதில் ஒரு லாபமும் உண்டு.

"நான் நேற்று வந்திருந்தேன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதையே ஆங்கிலத்தில் "ஐ ஹேட் கம் யெஸ்டர்டே" என்று எழுதிவிடுகிறோம். அங்கே வெறும் "கேம்" போதும். வெளிநாட்டில் எழுதிய இலக்கணப் புத்தகத்தில் இந்தத் தவறைப் பற்றி அநேகமாக ஒன்றும் இருக்காது, அந்த ஊர்ப் பிள்ளை அப்படி எழுதாது. "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பதில் உள்ள "பற்றி"யை இழுத்துக்கொண்டு போய் "டிஸ்கஸ்ட் அபௌட்" என்று எழுதுவதும் இப்படித்தான். டிஸ்கஸுக்குப் பின்னால் அபௌட் வராது. "ஏ", "தி" போடும் இடம் நமக்குக் கடைசி வரை தகராறு, தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லை. தமிழ் தெரிந்த ஒருவர் பொறுமையாக எழுதிய புத்தகம் இந்த ஓட்டைகளை நேராகச் சொல்லும். கடையில் நிற்கும்போதே இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். இருந்தால் வாங்குங்கள். இல்லாமல் வெறும் ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் பெயர்த்து மட்டும் வைத்திருந்தால் வேண்டாம்.

ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லோ மலையாளச் சொல்லோ போட்டுப் பட்டியலாகத் தரும் புத்தகங்கள் வேறு. அதைப் பற்றிக் கீழே.

நான் குமுளியில் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிறேன். கனடா போக ஐயெல்ட்ஸ் ஜெனரல் எழுதப்போகிறேன். மூவாயிரம் சொற்கள் உள்ள புத்தகம் ஒன்றை வாங்கி ஒரு நாளைக்கு முப்பது சொல் படிக்கிறேன். மறந்து மறந்து போகிறது. விட்டுவிடலாமா?
- வாசகர், குமுளி

தம்பி, உழைப்பைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை விட்டுவிடுங்கள்.

நாம் "கனமழை" என்போம், "பலத்த காற்று" என்போம். கனக்காற்று என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் மழைக்கு "ஹெவி", காற்றுக்கு "ஸ்ட்ராங்". எந்தச் சொல் எதோடு சேரும் என்பதில்தான் சொல்வளம் இருக்கிறது, தேர்வாளர் பார்ப்பதும் அதைத்தான். தனிச் சொல்லும் அர்த்தமுமாக இருக்கிற பட்டியல் அதைச் சொல்லித்தராது. ஏராளம் என்பதற்கு "ப்ளெத்தோரா" என்கிற மாதிரி சொற்களை எடுத்துக் கடிதத்தில் செருகினால், புது வேட்டிக்கு ஒட்டுப்போட்ட மாதிரித் தனியாகத் தெரியும். உங்கள் ஜெனரல் தேர்வில் வருவது வீட்டு உரிமையாளருக்குப் புகார், மேனேஜருக்கு விண்ணப்பம், நண்பனுக்கு அழைப்பு மாதிரியான கடிதம். உங்களுக்குத் தெரிந்த ஐந்நூறு சொற்களைச் சரியான துணையோடு எழுதினால் அதைச் சமாளிக்கலாம். தலைப்பு வாரியாக, சேர்ந்து வரும் சொற்களாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தோடு தருகிற சொற்புத்தகம் என்றால் வாங்குங்கள். நாளைக்கு ஐந்து போதும், அந்த ஐந்தையும் அன்றைக்கே உங்கள் கடையைப் பற்றி ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். வாங்க வந்தவர் ஏலக்காயைக் குறை சொன்னதை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவருக்குப் புகார்க் கடிதம் ஒரு பாரமே இல்லை.

"இந்த முறை நிச்சயம் வரும் ஸ்பீக்கிங் கேள்விகள், விடைகளுடன்" என்று புத்தகம் விற்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, செங்கோட்டை

வேண்டாம். ஸ்பீக்கிங்கில் இரண்டாம் பகுதிக்கான தலைப்பு அட்டைகளை வருடத்தில் சில தடவை மாற்றுகிறார்கள். புத்தகம் அச்சாகி செங்கோட்டைக்கு வந்து சேர்வதற்குள் அது பழசு. தலைப்பு தற்செயலாக ஒத்துப்போனாலும், ஒப்பிக்கும்போது குரல் மாறுவது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். மூன்றாம் பகுதியில் அவர் அதே விஷயத்தில் குறுக்குக் கேள்வி கேட்பார், அப்போது புத்தகத்தில் ஒன்றும் இருக்காது. ஒரு நிமிஷம் யோசித்து, பேப்பரில் நாலு குறிப்பு எழுதி, இரண்டு நிமிஷம் பேசுவது. இந்தப் பழக்கத்தைக் கற்றுத்தரும் புத்தகம் எதுவானாலும் சரி.

நான் ஓஇடி எழுதலாம் என்று இருக்கிறேன். சீனியர் ஒருவர் தந்த புத்தகத்தில் உள்ளதும் கோச்சிங்கில் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. எது தப்பு?
- வாசகி, குலசேகரம்

புத்தகம் பழையதாக இருக்கும். 2018 செப்டம்பரில் ஓஇடியின் ரீடிங், லிஸனிங் அமைப்பை மாற்றினார்கள். 2019இல் ரைட்டிங் திருத்தும் முறையையும் மாற்றினார்கள். உங்கள் புத்தகத்தில் லிஸனிங்கில் ஏ, பி மட்டும் இருந்து சி பகுதி இல்லாவிட்டால் அது மாற்றத்துக்கு முந்தியது. இப்போது ரீடிங் ஏ பகுதியில் நான்கு சிறு குறிப்புகளைப் பார்த்து 15 நிமிஷத்தில் 20 கேள்வி. அது இல்லாமல் ஒரு நீண்ட சுருக்கத்தில் காலி இடம் நிரப்பச் சொன்னால், அதுவும் பழையதே. தயங்காமல் ஒதுக்குங்கள். ஐயெல்ட்ஸில் அப்படி இல்லை, 2020இல் லிஸனிங்கில் சின்ன மாற்றம்தான் வந்தது, பழைய தொகுதிகளும் பயிற்சிக்கு ஆகும். ஓஇடியில் பழசு பயிற்சிக்கும் ஆகாது.

புதிய புத்தகம் வாங்கும்போது ரைட்டிங் பாடத்தைப் பாருங்கள். நோயாளியின் கேஸ் குறிப்பைத் தந்து, அதை வைத்து 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். படிக்க 5 நிமிஷம், எழுத 40 நிமிஷம். இப்போது ஆறு அளவுகோல், அதில் முதலாவது நோக்கம்: எதற்காக இந்தக் கடிதம் என்பது முதல் பத்தியிலேயே தெரிகிறதா? முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்சுக்கு நீங்கள் எழுத வேண்டும். சிறு வயதில் அவருக்குக் குடல்வால் எடுத்தது குறிப்பில் இருக்கும், அந்த நர்சுக்கு அது வேண்டாம். அவர் தனியாக இருக்கிறார், குளியலறைக்கு இரண்டு படி ஏற வேண்டும் என்பது ஒரு மூலையில் ஒரு வரியாக இருக்கும், அதுதான் வேண்டும். நாமோ டூட்டி மாறும்போது வார்டில் அடுத்தவருக்கு ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது ஒன்றையும் விடக் கூடாது என்று பழகியவர்கள், எல்லாவற்றையும் அள்ளிப் போடுவோம். மாதிரிக் கடிதத்துக்குக் கீழே "இதை ஏன் விட்டோம்" என்று ஒரு குறிப்பு இருக்கிற புத்தகத்தைத் தேடுங்கள். வெறும் மாதிரிக் கடிதம் நூறு இருந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

கம்ப்யூட்டரில் தேர்வு எழுதுகிறேன். புத்தகம் தேவையா?
- வாசகர், நாகர்கோவில்

தேவை. ஆனால் கடைசி மூன்று வாரம் புத்தகத்தை மூடிவிட்டு அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள மாதிரித் தேர்வைத் திரையில் எழுதுங்கள். பேப்பர் தேர்வில் லிஸனிங் விடையை எடுத்தெழுத 10 நிமிஷம் தருவார்கள். கம்ப்யூட்டரில் சரிபார்க்க 2 நிமிஷம்தான். கட்டுரையையும் டைப் செய்தே பழகுங்கள்.

பழைய புத்தகம் வாங்கினேன். முன்னால் படித்தவர் எல்லாக் கேள்விக்கும் பென்சிலில் விடை எழுதிவைத்திருக்கிறார். இதை எப்படிப் பயன்படுத்துவது?
- வாசகி, பாறசாலை

வெள்ளைத்தாளை ரிப்பன் மாதிரி வெட்டி விடைகளின் மேல் வைத்துக்கொண்டு, உங்கள் விடையைத் தனி நோட்டில் எழுதுங்கள். அழிக்க வேண்டாம். முடித்த பிறகு தாளை எடுத்துவிட்டு, முன்னவர் எங்கே அடித்துத் திருத்தியிருக்கிறார் என்று பாருங்கள். பாளையத்தில் நான் வாங்கிய தொகுதி இன்னும் என் மேஜையில் இருக்கிறது. அதில் என்னோடு சேர்த்து மூன்று பேர் கையெழுத்து. ரீடிங் இரண்டாம் டெஸ்டில் ஒரு கேள்விக்கு மூன்று பேருமே ஃபால்ஸ் என்று எழுதி, பிறகு அடித்து நாட் கிவன் என்று திருத்தியிருக்கிறோம். புதிய பிள்ளைகள் வகுப்புக்கு வரும்போது முதல் நாள் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன்.